‘நல்ல ஏரியா’ என்று கோடு போட்டது யார்?

போன வருடம் வேலை காரணமாக நியூஜெர்சியில் இருந்து விர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டுக்கு மாற வேண்டி வந்தது. நியூயார்க் அளவுக்குப் பெரிய நகரம் இல்லை, சின்ன ஊரும் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் சுமார் 2,26,000 பேர். நடுவில் ஜேம்ஸ் ஆறு ஓடுகிறது.

விஷயத்தைச் சொன்ன அன்றே அம்மாவிடம் இருந்து போன்.

“கண்ணா, ஷார்ட் பம்ப் பக்கமா பாருடா. நம்மாளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்களாம். ஸ்கூலும் நல்லா இருக்காம்.”

“எந்தப் பக்கம் பார்க்கக் கூடாதும்மா?”

“அதான், ஹைவேக்கு அந்தப் பக்கம். அது நல்ல ஏரியா இல்லையாம்.”

அம்மா ரிச்மண்டில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவருக்குச் சொன்ன அத்தையும் இருந்ததில்லை. ஆனால் ‘நல்ல ஏரியா’ எது, ‘நல்லா இல்லாத ஏரியா’ எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு நான்கு வயதில் மகள் இருக்கிறாள். அதனால் நானும் அந்தப் பேச்சைத் தட்டிவிடவில்லை. லேப்டாப்பைத் திறந்து பள்ளிகளின் மதிப்பெண், வாடகை, ஆபீஸ் தூரம் என்று எக்செல் ஷீட் போட ஆரம்பித்தேன். இன்ஜினியர் புத்தி.

அப்போதுதான் 1937-ம் வருடத்து மேப் ஒன்று கண்ணில் பட்டது.

1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது லட்சக்கணக்கானவர்களால் வீட்டுக் கடன் கட்ட முடியவில்லை. அவர்களைக் காப்பாற்ற அமெரிக்க அரசு 1933-ல் வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அந்த நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களை ஏரியா ஏரியாவாகப் பிரித்து, நான்கு நிறங்களில் மேப் வரைந்தது. பச்சை என்றால் மிக நல்லது, நீலம் பரவாயில்லை, மஞ்சள் சரிந்துகொண்டிருக்கிறது, சிவப்பு என்றால் ஆபத்து. அந்த மேப்களைத் திரட்டி எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருப்பவர்கள் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தினர்தான்.

ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு படிவம் உண்டு. வீடுகளின் வயது, விலை, வாடகை எல்லாம் அதில் இருக்கும். கூடவே இன்னும் சில கட்டங்கள்: கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம்? வெளிநாட்டுக் குடும்பங்கள் எத்தனை சதவீதம்? இரண்டாவது கட்டத்தைப் பார்த்ததும் அப்பா அம்மா நினைவு வந்தது. 1937-ல் அவர்கள் ரிச்மண்டில் இருந்திருந்தால், அந்த ஏரியாவின் மதிப்பைக் குறைக்கும் எண்ணாக இருந்திருப்பார்கள்.

ரிச்மண்ட் மேப்பில் மேற்கே இருக்கும் வின்ட்ஸர் ஃபார்ம்ஸ் பச்சை. நகரின் நடுவே இருக்கும் ஜாக்சன் வார்ட் சிவப்பு.

ஜாக்சன் வார்ட் அப்போது பாழடைந்த இடமா? இல்லை. அடிமைமுறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்கள் கடை, தியேட்டர், பத்திரிகை, வங்கி என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பிய இடம் அது. மேகி வாக்கர் என்ற பெண்மணி 1903-ல் அங்கே ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். அமெரிக்காவில் அனுமதி பெற்று வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். துணி துவைத்துச் சம்பாதித்த பெண்கள் போட்ட சில்லறைக் காசும் அந்த வங்கியில் இருந்தது. லீ தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று தேசிய நினைவிடம்.

இத்தனை இருந்தும் சிவப்பு.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாத் தீமைக்கும் அந்த ஒரு மேப்தான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. மேப் வரைந்த நிறுவனமே சிவப்பு ஏரியாக்களில் இருந்தவர்களுக்கும் கடன் கொடுத்திருக்கிறது. இதைவிடப் பெரிய வேலையைச் செய்தது 1934-ல் வந்த இன்னொரு அரசு அமைப்பு. வங்கிகள் தரும் வீட்டுக் கடனுக்கு அது காப்பீடு கொடுத்தது. அதற்கு முன் வீட்டு விலையில் பாதியைக் கையில் வைத்திருந்தால்தான் பெரும்பாலும் கடன் கிடைக்கும். மீதியைச் சில வருடங்களில் அடைக்க வேண்டும். அரசுக் காப்பீடு வந்த பிறகு 20 சதவீதம் போட்டால் போதும், 20 வருடங்களில் அடைக்கலாம். சாதாரணச் சம்பளக்காரர் வீடு வாங்க முடிந்தது இதனால்தான். ஆனால் எந்த ஏரியாவில் வாங்கினால் காப்பீடு கிடைக்கும் என்பதற்கு விதி இருந்தது. வேறு இனத்தவர் குடியேறாமல் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவது நல்லது என்று அந்த அமைப்பின் வழிகாட்டி நூலே அப்போது சொன்னது.

ரிச்மண்டுக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. எந்தத் தெருப்பகுதியில் எந்த இனத்தவர் வசிக்கலாம் என்று 1911-லேயே நகர மன்றம் சட்டம் போட்டது. அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று 1917-ல், வேறொரு நகரத்தின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிச்மண்ட் விடவில்லை. 1929-ல் வேறு வார்த்தைகளில் அதே சட்டத்தைக் கொண்டுவந்தது. யாரைத் திருமணம் செய்ய உனக்குச் சட்டம் அனுமதிக்கவில்லையோ, அவர்கள் அதிகம் வாழும் தெருவில் நீ குடியேற முடியாது என்பது அதன் சாரம். அடுத்த வருடமே அதுவும் நீதிமன்றத்தில் விழுந்தது. சட்டத்தால் முடியாததைப் பத்திரத்தில் எழுதினார்கள். பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் ஊர் பிரிந்து முடிந்திருந்தது.

பிறகு நெடுஞ்சாலை வந்தது.

நியூஜெர்சியில் இருந்து ஃப்ளோரிடாவுக்குக் காரில் போனவர்களுக்கு 95-ம் எண் நெடுஞ்சாலை தெரியும். சின்ன வயதில் அப்பா ஓட்ட, நான் பின்சீட்டில் புளிசாதம் சாப்பிட்டபடி ரிச்மண்டை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். சாலை எதன் மேல் போகிறது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. 1950-களின் தொடக்கத்தில் நகருக்குள் நெடுஞ்சாலை வேண்டுமா என்று ரிச்மண்ட் மக்களிடம் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். மாநில அரசு தனியாக ஓர் ஆணையம் அமைத்து, சுங்கச் சாலையாக அதைக் கட்டி 1958-ல் திறந்தது. அது ஜாக்சன் வார்டை இரண்டாகப் பிளந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. சிக்ஸ்த் மவுண்ட் சயான் என்ற பழைய தேவாலயம் மட்டும் தப்பியது. சாலை அதை ஒட்டி வளைந்து போகிறது. அம்மா சொன்ன ‘ஹைவேக்கு அந்தப் பக்கம்’ என்ற ஒன்று 1958-க்கு முன் இந்த ஊரில் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே ஏரியாதான்.

சரி, ‘நல்ல ஸ்கூல்’? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. விர்ஜீனியாவில் நகரமும் கவுன்டியும் தனித்தனி நிர்வாகங்கள். ரிச்மண்ட் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கும் முயற்சி தொடங்கியபோது, வெள்ளையினக் குடும்பங்கள் பல, சுற்றியிருக்கும் ஹென்ரைக்கோ, செஸ்டர்ஃபீல்டு கவுன்டிகளுக்குப் போய்விட்டன. 1972-ல் ராபர்ட் மெரிஜ் என்ற நீதிபதி, மூன்றையும் ஒரே பள்ளி நிர்வாகமாக இணைக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று சமமாகப் பிரிந்ததால், ரத்தானது ரத்தானதாகவே நின்றது. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் என் எக்செல் ஷீட்டில் பள்ளிகளின் வரிசை வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் தேர்வு முடிவுகளில் இருந்து வருபவை. தேர்வு முடிவு வீட்டு வருமானத்தை ஒட்டியே போகும். ஆசிரியர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்பதை அந்த ஒற்றை எண் சொல்வதில்லை.

பழைய கோடு இன்றைக்கும் உடம்பில் படுகிறது. 2017 கோடையில் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் ரிச்மண்ட் முழுக்க ஒரே நாளில் வெப்பம் அளந்தார்கள். பிற்பகலில் குளிர்ச்சியான இடத்துக்கும் சூடான இடத்துக்கும் 16 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு 108 அமெரிக்க நகரங்களை அந்தப் பழைய மேப்களோடு வைத்துப் பார்த்தது. சிவப்பு ஏரியாக்கள் மற்றவற்றைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் சூடு. அங்கே மரம் குறைவு, தாரும் கான்கிரீட்டும் அதிகம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

அப்பா 1980-களில் மேற்படிப்புக்கு வந்தவர். ராத்திரி பகலாக உழைத்து, புறநகரில் ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டின் மதிப்பு ஏறியதால்தான் என் காலேஜ் ஃபீஸ் கட்ட முடிந்தது. அவர் உழைப்பில் பொய் இல்லை. ஆனால் அவர் இந்த நாட்டுக்கு வர முடிந்ததே 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியதால்தான். அதற்கு முந்தைய விதிப்படி இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்பதுதான் கணக்கு. வீடு விற்பதில் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968 ஏப்ரல் 11-ல் கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பல ஊர்களின் பத்திரங்களில் வெள்ளையினத்தவருக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். அதில் நாமும் அடங்க மாட்டோம். அப்பா திறந்துகொண்டு உள்ளே போன கதவை, ஜாக்சன் வார்ட் மாதிரி இடங்களில் வாழ்ந்தவர்கள் போராடித் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே வந்த பிறகு நாம் அவர்கள் தெருவைக் காட்டி ‘நல்ல ஏரியா இல்லை’ என்கிறோம்.

கோடு போடுவது நமக்கும் தெரியாத வேலை இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தவர்கள் நம் முன்னோர்கள்தான். சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டால் “நீங்க சைவமா?” என்று இன்றும் சில இடங்களில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

கடைசியில் நாங்கள் எங்கே போனோம்? ஷார்ட் பம்புக்குப் போவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே இருக்கும் நண்பர் வீட்டுக்குத்தான் பொங்கலுக்குப் போனோம். ஆனால் நாங்கள் நெடுஞ்சாலைக்கு வடக்கே, நகர எல்லைக்குள், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எடுப்பதற்கு முன் சனிக்கிழமை காலையில் ஒரு முறையும், வேலை நாளில் இருட்டிய பிறகு ஒரு முறையும் அந்தத் தெருவில் நடந்தோம். பக்கத்துப் பள்ளிக்குப் போய் மழலையர் வகுப்பு ஆசிரியையிடம் பேசினோம். எக்செல் ஷீட்டைவிட அந்த அரை மணி நேரம் அதிகம் சொன்னது.

இதிலும் சிக்கல் இருக்கிறது. ஐடி சம்பளத்தோடு எங்களைப் போன்றவர்கள் வந்தால் வாடகை ஏறும். நாற்பது வருடமாக அங்கே இருக்கும் எதிர்வீட்டுப் பாட்டி, வரி ஏறிக்கொண்டே போவதைப் பற்றி என்னிடமே சொன்னார். எனக்கு அதற்குச் சுலபமான பதில் தெரியவில்லை. மாதக் குடியிருப்போர் கூட்டத்துக்குப் போகிறேன், பெரும்பாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாளைக்கு நீங்களும் காலேஜுக்கோ வேலைக்கோ வேறு ஊருக்குப் போவீர்கள். அது அமெரிக்காவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிங்கப்பூரில் எந்த இனத்தவர் எங்கே குடியிருக்க வேண்டும் என்று 1822-லேயே பிரிட்டிஷார் திட்டம் போட்டார்கள். கனடாவின் வான்கூவர் பக்கத்தில் ஆசியர்கள் வசிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிய இடங்கள் உண்டு. ‘அந்த ஏரியா வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள், பாசத்தில்தான் சொல்கிறார்கள். “யார் சொன்னாங்க? எப்போலேர்ந்து அப்படி?” என்று கேளுங்கள். பிறகு ஒரு முறை நேரில் போய் நடந்து பாருங்கள்.

போன மாதம் அம்மா வந்திருந்தார். ஜாக்சன் வார்டுக்குக் கூட்டிப்போய் மேகி வாக்கர் வீட்டைக் காட்டினேன். வெளியே வந்ததும் சாலை வளையும் இடத்தில் நிற்கும் தேவாலயத்தைக் காட்டி, “இது வழியாத்தாம்மா நாம ஃப்ளோரிடா போவோம்” என்றேன். கொஞ்ச நேரம் கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க இருந்தவங்கல்லாம் எங்கடா போனாங்க?” என்றார்.