தொய்வாகக் கட்டுங்கள்!

தூளி கட்டத் தெரியாத பாட்டி நம் ஊரில் உண்டா? உத்தரத்தில் ஒரு பழைய புடவை... வேலை முடிந்தது. அதே தூளியைப் பெரியவர்கள் படுக்கிற அளவுக்குப் பருத்தி நூலில் வலையாகப் பின்னி, இரு முனைகளையும் இரண்டு மரங்களில் கட்டினால்? அதுதான் ஹேமக்!

1492, அக்டோபர். இந்தியாவைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் போய் இறங்கியது பஹாமாஸ் தீவுகளில். அங்கிருந்த டைனோ இன மக்களின் படுக்கைகள் பருத்தி வலை மாதிரி இருப்பதாக அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். டைனோக்கள் அதை 'அமாகா' என்றார்கள். ஸ்பானியர்கள் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள, ஆங்கிலத்தில் அது ஹேமக் ஆனது.

எதற்காக அந்தரத்தில் தொங்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள். கீழே ஈரத் தரை, எறும்பு, தேள், பாம்பு. மேலே தொங்கினால் அடியிலும் காற்று வரும். 1500-ல் பிரேசில் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர்களும் இதைப் பார்த்தார்கள். அங்கே குளிருக்கு இதமாக, தொங்கும் படுக்கைக்குக் கீழேயே நெருப்பு மூட்டியிருந்தார்களாம்!

இந்தப் படுக்கையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் மாலுமிகள். அதுவரை அவர்களுக்குப் பலகைத் தளம்தான் மெத்தை. கப்பல் சாய்ந்தால் ஆளும் உருள வேண்டியதுதான். ஹேமக்கில் அந்தத் தொல்லை இல்லை. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நேராகவே தொங்கும். 1597-ல் இங்கிலாந்து கடற்படை, மாலுமிகளின் உடல்நலத்துக்கென்றே தொங்கு படுக்கை தைக்கத் துணி வாங்க உத்தரவு போட்டது. வலை போய் கித்தான் வந்தது. பிற்காலப் போர்க்கப்பல்களில் ஒரு ஆளுக்கு ஒதுக்கிய அகலம் எவ்வளவு தெரியுமா? வெறும் 14 அங்குலம்! பாதிப் பேர் காவல் பணிக்குப் போய்விடுவதால் ஏதோ சமாளித்தார்கள்.

காலையில் அதைச் சுருட்டிக் கட்டி, கப்பல் விளிம்பில் வரிசையாக அடுக்குவார்கள். சண்டையில் துப்பாக்கிக் குண்டுக்கு அதுவே தடுப்பு. மாலுமி இறந்துபோனால் அவனுடைய ஹேமக்கிலேயே வைத்துத் தைத்து, காலடியில் பீரங்கிக் குண்டுகளைப் போட்டுக் கடலில் இறக்கினார்கள். படுக்கை, கவசம், கடைசியில் பாடை... எல்லாம் ஒரே துணி!

சரி, இன்று கடையில் ஒன்று வாங்கி வருகிறீர்கள். எல்லோரும் முதலில் என்ன செய்கிறோம்? கட்டில் மாதிரி சமமாக இருக்கட்டும் என்று இழுத்து, விறைப்பாகக் கட்டுகிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்!

சின்னக் கணக்கு. உங்கள் எடை 70 கிலோ. நீங்கள் படுத்திருக்கும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிறும் தாங்குவது 70 கிலோ. 10 டிகிரி என்றால் சுமார் 200 கிலோ. 5 டிகிரி என்றால் 400 கிலோ! படுத்திருப்பவர் அதே ஆள்தான். இழுத்துக் கட்டியதற்குத்தான் இந்த அபராதம். கயிறு அறுகிறது, கொக்கி பிடுங்கிக்கொள்கிறது... சில சமயம் தூணே சாய்கிறது. 2020-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஹேமக் கட்டியிருந்த செங்கல் தூண் இடிந்து விழுந்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள்.

ஆகவே மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர், தண்ணீர்த் தொட்டியின் செங்கல் தூண், பால்கனி கிரில்... இவையெல்லாம் வேண்டாம். பட்டுப்போகாத, உறுதியான மரம் வேண்டும். அடிமரம் குறைந்தது 8 அங்குலமாவது பருமன் இருக்கட்டும். முருங்கை கூடவே கூடாது, சட்டென்று முறியும். தென்னை என்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள்: தேங்காயும் காய்ந்த மட்டையும் உங்கள் தலைக்கு நேராகவா இருக்கின்றன? மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். அகலமான, இழுபடாத பட்டையைச் சுற்றுங்கள். உட்கார்ந்தால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். கீழே கல், வேர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் நடுவில் உட்கார்ந்து, பிறகு காலைத் தூக்கி, கொஞ்சம் குறுக்காகப் படுங்கள். முதுகு நேராகும். வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. வலை ஹேமக்கில் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். குறுக்குக் கட்டை இல்லாத சிறிய வலை ஹேமக்குகளில் கழுத்து சிக்கிக் குழந்தைகள் இறந்ததால், 1996-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 30 லட்சம் ஹேமக்குகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விளையாடி முடித்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

அது சரி, இதைக் கொடுத்த டைனோக்கள் என்ன ஆனார்கள்? தங்கச் சுரங்கங்களில் கட்டாய வேலை, பட்டினி, படுகொலை, 1518-ல் பரவிய பெரியம்மை... கொலம்பஸ் வந்த அரை நூற்றாண்டுக்குள் அவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். இன்று புவெர்ட்டோ ரிக்கோ போன்ற தீவுகளில் அவர்களுடைய ரத்தம் கலந்த வாரிசுகள் வாழ்கிறார்கள். மொழிதான் பிழைக்கவில்லை, சில சொற்கள் மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டன. அதில் ஒன்றில்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் படுக்கப்போகிறீர்கள்.

அவர்கள் கட்டிய மாதிரியே, தொய்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள்!