எந்த மாயாவி? எல்லையோர வாசகரும் படக்கதை நாயகர்களின் கூட்டணியும்

என் மேசைமேல் ஒரு பைண்டு இருக்கிறது. பன்னிரண்டு முத்து காமிக்ஸ் இதழ்களை அடுக்கி, கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்து, பழைய காலண்டர் தாளால் அட்டை போட்ட பைண்டு. தைத்தவர் என் அண்ணன். முதல் இதழின் உள்ளட்டையில் பென்சிலால் மூன்று பத்தி கோடிட்டு, கதைப் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறார். வாசித்து முடித்த கதைக்கு ஒரு கோடு, கையில் இருப்பதற்கு ஒரு சுழி. கேள்விப்பட்டதோடு நிற்கும் கதைக்கு எந்தக் குறியும் இல்லை. 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்' ஆகியவை முதல் பத்தியில் உள்ளன. 'காற்றில் கரைந்த கப்பல்கள்' இரண்டாம் பத்தியில், 'மூளைத் திருடர்கள்' மூன்றாம் பத்தியில். பெயர்கள் எல்லாம் தமிழ். எழுதிய எழுத்து மலையாளம். ஓரிடத்தில் 'கரைந்த' என்பதைக் 'கரைஞ்ஞ' என்று எழுதி, அடித்து, மேலே திருத்தியிருக்கிறார். கேரள எல்லையோர ஊரான காரக்கோணத்தில் வளர்ந்த எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ் எழுத்தை அண்ணன் இந்தப் புத்தகங்களிலிருந்துதான் கற்றார். அவரிடமிருந்து நான் கற்றேன்.

இந்தக் கட்டுரையின் வாதம் அந்தப் பென்சில் பட்டியலிலிருந்து புறப்படுகிறது. நெடுங்காலம் ஓடும் சாகச வீரர் குழுக் கதையில், குழுவை அமைப்பது பதிப்பகம், பின்தொடர்வது ரசிகர் என்பதே பொதுவான எண்ணம். தமிழில் அப்படி நடக்கவில்லை. தனித்தனியே பிறந்து, ஒருவரை ஒருவர் சந்திக்காமலேயே உலவிய நாயகர்களை ஒரு குழுவாக்கியவர்கள் வாசகர்கள். கதைக்குக் கதை தொடர்ச்சியை உண்டாக்கியவர்களும் அவர்களே. அந்த உழைப்பைப் பழைய நினைவுகளின் மீதான ஏக்கம் என்ற ஒரு சொல்லால் கடந்துபோவது ஆய்வுக்கு அழகன்று என்பது என் துணிபு.

அமெரிக்க முன்மாதிரியை முதலில் பார்ப்போம். மார்வெல் நிறுவனத்தின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 1961-லும் 'எக்ஸ்-மென்' 1963-லும் தொடங்கின. இவற்றின் வீரர்கள் ஒரே வீட்டில் வசிப்பார்கள், ஒரே கதையில் சண்டையிட்டுக்கொள்வார்கள், ஒரு இதழில் பட்ட காயம் அடுத்த இதழிலும் வலிக்கும். பழைய இதழ்களைத் தேடிப் படித்தவருக்கே புதிய இதழ் முழுதாகப் புரியும். அங்கேயும் ரசிகர் வெறும் பார்வையாளராக இருந்துவிடவில்லை. 1958-ல் அறிமுகமான 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' குழுவின் தலைவரை வாசகர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த காலம் உண்டு. அக்குழுவின் ரசிகரான ஜிம் ஷூட்டர் எழுதிய கதை 1966-ல் அச்சேறியபோது அவருக்கு வயது 14. ஆயினும் குழு என்பது முன்பே அங்கே இருந்தது. ரசிகர் அதற்குள் நுழைந்தார்.

தமிழுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் நாயகர்கள். பரிசோதனைக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டல், 1962-ல் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் தோன்றியவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; கை மட்டும் தெரியும். ஓவியர் ஜீஸஸ் பிளாஸ்கோ அந்தக் கையை வரைந்த விதத்தை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. ஸ்பைடர் 1965-ல் 'லயன்' வார இதழில் வந்தார். குற்ற உலகின் சக்கரவர்த்தியாகத் துடித்தவர், பின்னர் நீதியின் பக்கம் திரும்பினார். சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகலே ஸ்பைடருக்கும் கதை எழுதியிருக்கிறார். எந்திர மனிதன் ஆர்ச்சியோ 1952-லேயே அதே 'லயன்' இதழில் தோன்றிவிட்டார். வாரத்துக்குச் சில பக்கம் என ஓடிய இக்கதைகளில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வந்ததில்லை. 'லயன்' 1974-ல் 'வேலியண்ட்'டோடு இணைக்கப்பட்டது. 'வேலியண்ட்' 1976-ல் மறைந்தது.

சொந்த ஊரில் இவர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தபோது சிவகாசியில் அவர்களுக்கு வாழ்வு தொடங்கியது. எம். சௌந்திரபாண்டியன் நிறுவிய முத்து காமிக்ஸின் முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி' 1972-ல் வெளிவந்தது. அவர் மகன் எஸ். விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசியின் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஸ்பைடரும் ஆர்ச்சியும் அந்த லயன் வழியாகத் தமிழ் பேசினார்கள். ஆர்ச்சியின் தோழர்கள் தமிழில் தாம்சன், விக்டர் என்று ஆனார்கள். கிராண்டல் என்ற பெயர் கதைக்குள் கிடக்க, 'மாயாவி' என்ற பெயரே வீட்டுப் பெயராயிற்று.

இங்கேதான் வாசகரின் வேலை தொடங்குகிறது. முத்து காமிக்ஸில் மாயாவியோடு சி.ஐ.டி. லாரன்ஸ் – டேவிட் இணையும், ஜானி நீரோவும் மாறிமாறி வந்தார்கள். மூன்றுமே லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்துச் சரக்கு என்பதைத் தவிர அவற்றுக்குள் கதையுறவு ஏதுமில்லை. ஆனால் தமிழ் ரசிகர் இவர்களுக்குச் சூட்டிய பெயர் 'மும்மூர்த்திகள்'. இந்தச் சொல் தேர்வு கவனிக்கத்தக்கது. மும்மூர்த்திகள் என்றால் ஒருவரோடு ஒருவர் போட்டியிடாமல் ஆளுக்கொரு தொழிலை ஏற்று ஓர் உலகைத் தாங்குகிறவர்கள். மாயாவிக்கு இயல்புக்கு மீறிய ஆற்றல், லாரன்ஸ் – டேவிட்டுக்கு நட்பும் துணிவும், ஜானி நீரோவுக்கு மதியூகம் என்று ரசிகர் தொழில் பிரித்துக் கொடுத்தார்கள். அண்ணனின் மூன்று பத்திகள் அதன் வரைபடம். மூவரும் ஒரு கதையிலும் கைகோத்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தில் விளையாடிய பிள்ளைகள் ஆளுக்கொருவராக வேடம் ஏற்று ஒரே எதிரியைத் துரத்தியிருக்கிறோம். ஒருவன் மாயாவி, ஒருவன் லாரன்ஸ், ஒருவன் நீரோ. மின்கம்பத்தைத் தொடுவதாகப் பாவனை செய்பவன் மறைந்துவிட்டதாகப் பொருள். அவன் வலக்கையை மட்டும் மற்றவர்கள் பார்க்கலாம். இது ஒரு கூட்டணிக் கதையே. அச்சில் வராத கூட்டணிக் கதை.

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். ஆலன் மூர் வகுத்த கதைக்கருவை லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' 2005-ல் தொடங்கியது. மறக்கப்பட்ட அந்நாட்டு நாயகர்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்த படைப்பு அது. எஃகுக் கையரும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் அதில் இருக்கிறார்கள். நாயகர்களைச் சிறைக்குள் மறந்துபோன ஒரு நாட்டின் கதையாக அது அமைந்தது தற்செயலன்று. சிவகாசி இதழ்களைப் படித்தவர்களுக்கோ இவர்கள் ஒருபோதும் மறக்கப்பட்டவர்கள் அல்லர். பல பத்தாண்டுகளாக ஒரே அலமாரியில் தோளோடு தோள் நின்றவர்கள்.

ஒரு மறுப்பு எழலாம். இவை இறக்குமதிச் சரக்கு, லண்டன் கழித்ததைச் சிவகாசி அச்சிட்டது, இதில் தமிழ் வாசகரின் ஆக்கம் எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. உரிமம் வாங்கியது பதிப்பகம், படம் வரைந்தது வெளிநாட்டவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எதைப் பின்தொடர்வது, எதை எதனோடு சேர்ப்பது, எதை மறுபதிப்புக் கேட்டு ஆசிரியரை விடாமல் நச்சரிப்பது என்பதெல்லாம் வாசகரின் தீர்ப்புகள். இராமகாதை வடக்கிலிருந்து வந்தது என்பதால் தோல்பாவைக் கூத்தைக் கேட்டு விடிய விடிய விழித்திருந்தவர்களின் இரசனை இறக்குமதி ஆகிவிடாது. படக்கதைக்கு மட்டும் வேறு அளவுகோல் வைப்பதற்குக் காரணம் இல்லை.

எல்லையோரத்தில் இந்த வாதம் இன்னும் கூர்மை பெறுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காரக்கோணம் அந்தத் தாலுகாவில் உள்ளது. பனச்சமூடும் களியக்காவிளையும் பக்கத்துச் சந்தைகள். ஆனால் அவை வேறு மாநிலத்தின் ஓரம். களியக்காவிளைக் கடைகளில் கயிற்றில் தொங்கிய தமிழ் இதழ்கள் எங்களுக்கு எல்லை தாண்டிக் கிடைக்கும் பண்டம். எங்கள் பக்கத்துக் கடைகளில் தொங்கியவை மலையாள இதழ்கள்.

அதனால் காரக்கோணத்துப் பிள்ளைகளுக்கு மாயாவி ஒருவரல்லர். 1984-ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. லயன் காமிக்ஸ் தொடங்கிய அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் தொடங்கியது. அதே ஆண்டில் மலையாள மனோரமா குழுமத்தின் 'பாலரமா'வில் 'மாயாவி' என்ற தொடர் முளைத்தது. பாலரமாவின் மாயாவி ஒரு குட்டிச்சாத்தான், நல்லவன். மந்திரவாதி குட்டூசனும் டாகினியும் குப்பிக்குள் அடைத்துவைத்த அவனை ராஜு, ராதா என்ற இரு பிள்ளைகள் விடுவிப்பார்கள். குந்தத்தின் மேல் ஏறிப் பறக்கும் லுட்டாப்பி எதிரணியில் இருப்பான். ராணி காமிக்ஸோ, லீ ஃபாக் 1936-ல் படைத்த முகமூடி வீரரைப் பின்னாளில் 'மாயாவி' என்று அழைத்தது. அதே வீரர் வேறு தமிழ் வெளியீடுகளில் 'வேதாளர்'. ஆக, ஒரு பெயருக்கு மூன்று நாயகர், ஒரு நாயகருக்கு இரண்டு பெயர்.

'எந்த மாயாவி?' என்பது எங்கள் பள்ளி வராந்தாவில் அன்றாடக் கேள்வி. 'இரும்புக்கையா, முகமூடியா, குப்பியா?' என்று கேட்டுத் தெளிந்த பிறகே பேச்சு நகரும். நூலடைவியல் படித்தவர்கள் பெயர் மயக்கம் தீர்ப்பது என்று சொல்லும் பணியைப் பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு மொழிகளில், இரண்டு எழுத்துகளில், மூன்று வெளியீட்டகங்களுக்கு இடையே செய்தார்கள். அதோடு நிற்கவுமில்லை. மூன்று மாயாவிகளும் மோதினால் யார் வெல்வார் என்ற வழக்கு ஓய்ந்ததே இல்லை. இரும்புக்கைக்காரருக்கு மின்சாரம் வேண்டும். காட்டில் மின்சாரம் கிடையாது. ஆகவே காட்டில் குப்பி மாயாவியே பெரியவன் என்று மலையாள வீட்டுத் தோழன் ஒருவன் சொன்ன வாதத்துக்கு என்னிடம் இன்றும் விடை இல்லை. அவன் இரும்புக்கையைத் தமிழில் படித்ததில்லை. நான் படித்துச் சொல்ல, கேட்டுத் தெரிந்துகொண்டவன். சிவகாசிப் புத்தகம் ஒன்று மலையாள வீட்டில் வாய்மொழிக் கதையாக உலவியது அப்படித்தான்.

தொடர்ச்சி பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்க ரசிகருக்கு இதழ் எண் வழிகாட்டும். எங்களுக்கு இதழ்கள் எண் வரிசையில் கிடைத்ததே இல்லை. மறுபதிப்பும் புதியதும் கலந்து வரும். பழைய புத்தகக் கடையில் நடுக்கதை முதலில் கிடைக்கும். அதிலும் கடைசித் தாள் இருக்காது. மாயாவி குற்றவாளியாக அலைந்த கதையை, அவர் நிழற்படையின் உளவாளியாக உலகைக் காத்த கதைகளுக்குப் பிறகே நான் படித்தேன். திருந்திய ஒருவரைப் பிடித்துப்போன பிறகு அவருடைய பழைய குற்றத்தை அறிவது வேறு வகையான வாசிப்பு. லண்டன் சிறுவனுக்கு அது கிட்டியிருக்க வழியில்லை. எனக்கு அது ஒரு மனிதரை எப்படி மதிப்பிடுவது என்பதற்கான முதல் பாடமாக இருந்தது. விடுபட்ட இடங்களை ஊகித்து நிரப்பி, பின்னால் இதழ் கிடைத்ததும் ஊகத்தைத் திருத்திக்கொள்வோம். அண்ணனின் பட்டியலில் அடித்துத் திருத்திய இடங்கள் பலவும் அப்படி வந்தவையே.

இப்பழக்கம் வளர்ந்த பிறகும் விட்டுப்போகவில்லை என்பதற்கு 'இரத்தப் படலம்' சான்று. வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984-ல் ஐரோப்பாவில் முதல் தொகுதி கண்ட கதை அது. நினைவிழந்த ஒருவன் தன் அடையாளத்தைத் துண்டு துண்டாகத் தேடுவான். தமிழ் ரசிகரும் அந்தக் கதையைத் துண்டு துண்டாகவே ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். அதன் 18 பாகங்களும் 800-க்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரே தொகுப்பாக 2010-ல் வெளிவந்தன. முழுக்கதையையும் ஒன்றாகக் காணவேண்டும் என்று சலியாமல் கேட்டுவந்தவர்கள் இல்லாவிட்டால் இத்தகைய புத்தகத்துக்கு இடமே இல்லை. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் நின்றும் தளர்ந்தும், 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' இதழோடு மீண்டன. ஆண்டுச் சந்தாதாரர்களே இன்று அவற்றின் முதுகெலும்பு. அன்று பென்சிலால் பட்டியல் போட்ட பிள்ளைகளில் பலர் இன்று அந்தச் சந்தாதாரர்கள்.

தமிழ்ப் படக்கதை பற்றி இதுவரை எழுதியவர்கள் பதிப்பு வரலாற்றை ஓரளவு தொகுத்திருக்கிறார்கள். எந்த இதழ் எப்போது வந்தது, மூலம் எது என்று கண்டறிந்ததில் ரசிகர்களின் பங்கே பெரிது. வாசிப்பு வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதற்கான ஆவணம் அச்சிட்ட பக்கத்தில் இல்லை. உள்ளட்டையிலும் ஓரங்களிலும் வீட்டில் தைத்த பைண்டுகளின் வரிசையிலும் இருக்கிறது. பழைய இதழ் வாங்குவோர் பென்சில் கிறுக்கல் உள்ள பிரதிக்கு விலை குறைக்கிறார்கள். விற்பவர்கள் அதனால் ரப்பர் வைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். பைண்டைப் பிரித்துத் தனித்தனி இதழாக்கியும் விற்கிறார்கள். ஆய்வாளருக்கு இரண்டும் பேரிழப்பு.

பாறசாலை, வெள்ளறடை, களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதி வீடுகளில் மச்சிலும் டிரங்குப் பெட்டியிலும் இத்தகைய பைண்டுகள் இன்னும் இருக்கும். வைத்திருப்பவர்கள் அவற்றைப் பிரிக்க வேண்டாம். பென்சில் எழுத்தை, அது தமிழாயினும் மலையாளமாயினும், அழிக்க வேண்டாம். யார் தைத்தது, எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அந்த ஒரு தாள் போதும்.