எண்ணிக் காட்டு

மணியாச்சிக் கரிசக்காட்டில் கூலியை விரல்விட்டு எண்ணித்தான் வாங்குவோம். வகுப்புவாரி ஆணையும் அப்படி எண்ணிப் பார்க்க முடிந்த கணக்கு. 1950இல் சென்னை மாநில மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களுக்குப் பார்ப்பனரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்டோர் 2, பார்ப்பனர் 2, 'அரிசனர்' என்று எழுதப்பட்ட நமக்கு 2, கிறித்தவர் - ஆங்கிலோ இந்தியர் 1, முஸ்லிம் 1. குறை உண்டு, ஆனா குறையையும் எண்ணிக் கேட்க முடிஞ்சது.

1951 ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில், உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. ஜூனில், அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோது, முதல் திருத்தம் 15(4)ஐக் கொண்டுவந்தது.

இப்போ தனியார் வேலைக்கு ஆள் பொறுக்குவதும் கணினி. அதுக்குச் சாதி தெரியாதாம். விண்ணப்பத்தில் ஊரும் தெருவும் இருக்கே, 'காலனி' என்ற ஒரு சொல் போதாதா? அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல்லை நீக்குவதாகத் தமிழக அரசு அறிவித்ததே 2025இல்தான். பழைய தேர்வுகளைப் பார்த்துப் பழகும் எந்திரம் பழைய விலக்கையும் பழகும்.

அரசு வேலையில் பாகுபாட்டைத் தடுக்க 16ஆம் பிரிவு இருக்கு; தனியார் முதலாளியை அது கட்டாது. அவனையும் கட்டும் சட்டம் வேணும். எத்தனை பேர் விண்ணப்பித்தோம், எத்தனை பேரை எதற்காகத் தள்ளினாய்? எங்க முன்னால எண்ணிக் காட்டு.