அணிலுக்கும் ஒரு பத்தி

உடையார்பாளையம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஜமீன். இலக்கியப் பிரியராக இருந்தால் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. ஜமீன் கதை என்று ஆரம்பித்தாலே, அடுத்த வரியில் வேட்டை வந்துவிடும். நம் ராஜாக்களுக்கும் வெள்ளைக்கார துரைகளுக்கும் ஒரு விஷயத்தில் அப்படியொரு ஒற்றுமை. செத்த புலிக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வது!

அந்தக் காலத்தில் காட்டைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியவர்களும் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள்தான். ஜிம் கார்பெட்டின் குமாவுன் புத்தகம் வந்தது 1944-ல். கென்னத் ஆண்டர்சனின் முதல் புத்தகம் 1954-ல். இரண்டுக்கும் நடுவே, 1950-ல், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஒரு மெட்ராஸ்காரர் பத்தி எழுத ஆரம்பித்தார். பேர் மா.கிருஷ்ணன். அவர் நம்பியது துப்பாக்கியை அல்ல, கேமராவையும் பேனாவையும்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவய்யாவின் பிள்ளை. 1912-ல் பிறந்தவர். பதிமூன்று வயதில் அப்பாவை இழந்தார். தாவரவியலில் எம்.ஏ., அப்புறம் சட்டம் என்று படித்தும் சரியான வேலை அமையவில்லை. பெல்லாரி பக்கம் சந்தூர் சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி என்று பல வேஷம் போட்டார். சமஸ்தானங்கள் போன பிறகு மெட்ராஸுக்குத் திரும்பிய மனிதருக்கு, மிச்சமிருந்த பிழைப்பு எழுத்தும் போட்டோவும்தான்.

கேமராவையும் கிடைத்த பாகங்களை வைத்துத் தானே ஒட்டுப்போட்டுச் செய்துகொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வேறு!

இரண்டு வாரத்துக்கு ஒரு பத்தி. 46 வருடம். காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை, ஆயிரத்தைத் தாண்டுகிறது. வாராவாரம் 'இந்த வாரம் என்ன எழுதுவது?' என்று விட்டத்தைப் பார்க்கிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். புலி, யானை மட்டும் இருந்தால் இத்தனை பத்தி தேறுமா? அவர் அணிலைப் பார்த்தார். காக்கையைப் பார்த்தார். வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியையும் விடவில்லை.

அவர் எழுத ஆரம்பித்த இரண்டாவது வருடம், 1952-ல், இந்தியாவில் சிவிங்கிப் புலி இனமே இல்லை என்று அரசாங்கம் கைவிரித்தது. அதே வருடம் வனவிலங்கு வாரியம் அமைந்தது. பிற்பாடு அதில் கிருஷ்ணன் பல காலம் உறுப்பினராக இருந்தார். வேட்டைக்குக் கடிவாளம் போட்ட வனவிலங்குச் சட்டம் வர 1972 ஆகிவிட்டது. அந்த இருபது வருடமும் சலிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார் இந்த மனிதர். பத்மஸ்ரீயும் கிடைத்தது. 1996 பிப்ரவரி 18-ல் காலமானார். கடைசிப் பத்தி அச்சாகி வந்ததும் அன்றுதான்.

என் வருத்தம் வேறு. கல்கத்தாவில் காப்பி குடித்துக்கொண்டே அவரைப் படித்தார்கள். நாம்? அருமையான தமிழ் கைவசம் இருந்தவர். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக்க ஒரு தியடோர் பாஸ்கரன் வேண்டியிருந்தது. அதுவும் அவர் போன பிறகு.

உடையார்பாளையம் இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்குகின்றன. யாரும் சுடுவதற்கில்லை, சட்டம் இருக்கிறது. ஆனால், கரையில் நிற்கும் நம் பிள்ளைக்கு அந்த வாத்தின் பேர் தெரியுமா? பேரே தெரியாத ஒன்று காணாமல் போனால், போனதே நமக்குத் தெரியாது.

கரைவெட்டி வரை போக முடியாதவர்கள், இன்றைக்கு உங்கள் ஜன்னலில் வந்து உட்காரும் அணிலை ஐந்து நிமிடம் பாருங்கள். கிருஷ்ணனும் அப்படித்தான் பார்த்தார்.