பாறையின் பெயர் மறந்த பட்டதாரி

1854-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பாய்மரக் கப்பலொன்று, ஐந்து திங்கள் கடலில் உழன்று, ஹாங்காங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டுவதற்காகச் சீன மாலுமி ஒருவன் கப்பலேறினான். அருகில் அபாயமான பாறைகளோ மணல்திட்டுகளோ உண்டா என அவனிடம் கேட்டுச் சொல்லுமாறு கப்பல் தலைவர் பயணி ஒருவரை வேண்டினார். அப்பயணி சீனர், ஏல் கல்லூரியில் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்புபவர். ஆனால் பாறைக்கும் திட்டுக்கும் உரிய சீனச் சொற்கள் அவர் நாவில் எழவில்லை. இறுதியில் அம்மாலுமியே அச்சொற்களை எடுத்துக் கொடுக்க, சூழ நின்றோர் நகைத்தனர். சீனராயிருந்தும் சீனம் பேச இயலாதவர் என்ற அந்நகைப்பை யுங் விங் மறக்கவில்லை. 1909-இல் வெளிவந்த தம் வரலாற்றில் அதனை மறைக்காமல் பதிந்துள்ளார். அவ்வரலாற்றையும் அவர் எழுதியது ஆங்கிலத்திலேயே.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இந்நிகழ்ச்சி வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. தெரிந்த பொருளுக்குச் சொல் வராமல் நிற்கும் அந்தக் கணத்தை நாம் நன்கறிவோம். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களும், விடுமுறையில் ஊருக்குச் சென்ற தம் மக்கள் பாட்டியின் முன் சொல் தேடித் தவித்ததைக் கண்டிருப்பர்.

யுங் விங் 1828-இல் மக்காவுக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தவர். 1847-இல் தம் ஆசிரியர் பிரவுனுடன் அமெரிக்கா சென்றார். மதபோதகராகத் திரும்புவதாக வாக்களித்தால் கல்லூரிச் செலவு கிடைக்கும் என்றபோது, வறுமையிலும் அதை மறுத்தார். ஏல் கல்லூரியில் கணிதம் அவரை வாட்டியது. ஆங்கிலக் கட்டுரையோ பரிசுகளை ஈட்டித் தந்தது. 1852-இல் அமெரிக்கக் குடியுரிமையும், 1854-இல் பட்டமும் பெற்றார். அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. அத்தகையவர் தாயகம் வந்ததும் கான்டன் நகரில் தங்கிச் செய்த முதல் வேலை, மறந்த தாய்மொழியை மீண்டும் கற்றதே.

இத்துணை இழப்பை அறிந்தவர், பிற சிறுவரையும் அதே வழியில் அனுப்ப முற்பட்டது ஏன் என்ற வினா எழும். மொழி போயினும் மீட்கலாம், கல்வியைத் தவறவிட்டால் நாடு மீளாது என அவர் கருதியிருத்தல் வேண்டும். பல்லாண்டு முயற்சிக்குப் பின் அரசு இசைந்தது. 1872 முதல் 1875 வரை, ஆண்டுக்கு முப்பதின்மராக 120 சிறுவர் அமெரிக்கா சென்றனர். அவர்கள் பதினைந்து ஆண்டுகள் கற்க வேண்டுமென்பது திட்டம். கனெக்டிகட், மாஸசூஸெட்ஸ் மாநிலங்களின் இல்லங்களில் இருவர் மூவராகத் தங்கி, அவ்வீட்டாருடன் உண்டு உறங்கி ஆங்கிலம் கற்றனர். தம் மொழியை மறவாதிருக்க, ஹார்ட்போர்ட் நகரிலிருந்த தலைமையகத்திற்கு முறை வைத்து வரவழைக்கப்பட்டுச் சீன இலக்கியமும் பயின்றனர்.

மொழியினும் அவர்களைத் துன்புறுத்தியது சடையே! நீண்ட அங்கியையும் பின்னலையும் கண்டு தெருப்பிள்ளைகள் பெண்களென எள்ளினர். அங்கியைக் களைந்துவிடலாம், சடையை வெட்டுவதோ மஞ்சு அரசுக்குச் செய்யும் துரோகம். ஆகவே அதனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பேஸ்பால் ஆடினர்.

1880-இல் பொறுப்பேற்ற ஊ ஸிடெங் என்ற அதிகாரி, மாணவர் சீனமும் சீன ஒழுக்கமும் மறந்து அயலாராகிவிட்டனர் எனப் பீகிங்கிற்கு முறையிட்டார். அவரைப் பழமைவாதி எனப் பழித்தல் எளிது. ஆயினும் அவர் கூற்று முழுப்பொய் எனச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பாறையின் பெயரை மறந்த யுங் விங்கே அதற்குச் சான்று. மறுபுறம் அமெரிக்காவும் வாக்கு மாறியது. 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கை அரசுக் கல்விக்கூடங்களைச் சீனருக்குத் திறந்திருந்தும், இராணுவக் கல்லூரியில் இம்மாணவருக்கு இடம் மறுக்கப்பட்டது. ஏல் கல்லூரித் தலைவர் போர்ட்டர் முதலியோர் வேண்டியும் பயனில்லை. 1881-இல் அனைவரும் திருப்பி அழைக்கப்பட்டனர். அதற்குள் பட்டம் பெற்றோர் இருவரே. ஷாங்காயில் இறங்கியவர்களுக்கு வரவேற்பு இல்லை. காவலுடன் பழைய கட்டடமொன்றில் அடைக்கப்பட்டனர். அங்கு அயலார், இங்கும் அயலார்!

யுங் விங்கின் கதியும் இதுவே. 1898-இல் அமெரிக்க அரசு அவருடைய குடியுரிமையைச் செல்லாது என்றது. எனினும் 1902-இல் மீண்டும் அந்நாடு புகுந்து, 1912-இல் ஹார்ட்போர்டில் காலமானார்.

பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் ஜான் தியன்யூ. பொறியியல் கற்றவரைக் கடற்படைக்கு அனுப்பினர். ரயில் பணி அவருக்கு வாய்த்தது பல ஆண்டு கழிந்தே. 1905-இல் பீகிங் - ஜாங்ஜியாகோவ் இருப்புப்பாதையை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மலைகள் செறிந்த அவ்வழியைச் சீனர் அமைக்க இயலாதென அயல்நாட்டார் கருதினர். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பாதையை 1909-இல் முடித்தார். செங்குத்தான இடத்தில் வண்டி முன்னும் பின்னுமாக ஏற அவர் வகுத்த வளைவு, மனிதனைக் குறிக்கும் சீன எழுத்தின் வடிவம் உடையது.

அப்பாதையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நம் தொழில் காரணமாக நம் கண் செல்வது அவருடைய வேறொரு பணியின் மீது. பதினொரு வயதில் வீட்டை விட்டு ஆங்கிலத்தில் வளர்ந்த அவர், பொறியியலுக்குரிய ஆங்கிலச் சொற்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சீனச் சொல்லை எழுதி, 1915-இல் அகராதியாக வெளியிட்டார்.