மார்ட்டின் லூதர் கிங்: இல்லமும் பள்ளியும் உருவாக்கிய தலைவர்



மார்ட்டின் லூதர் கிங் என்றவுடன், 1963ஆம் ஆண்டில் வாசிங்டன் நகரில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் மக்கள் முன்னிலையில் அவர் ஆற்றிய உரையே பலருக்கும் நினைவுக்கு வரும். அம்மேடைக்கு அவரை இட்டுச் சென்ற பாதை, அவருடைய இளமைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இல்லம்

1929 சனவரி 15ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அட்லாண்டா நகரில் கிங் பிறந்தார். தந்தையார் திருச்சபைப் போதகர். அந்நாளில் தென்மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவகம், குடிநீர்க் குழாய் வரை வெள்ளையர்க்கு வேறு, கறுப்பினத்தவர்க்கு வேறு எனப் பிரிக்கப்பட்டிருந்தன.

கிங்கிற்கு வெள்ளையினத் தோழன் ஒருவன் இருந்தான். பள்ளி செல்லும் அகவை வந்ததும் இருவரும் வெவ்வேறு பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். தன்னோடு இனி விளையாடக் கூடாதென்று தன் தந்தை சொல்லிவிட்டதாக அத்தோழன் ஒருநாள் கூறினான். மனமுடைந்து வந்த சிறுவனிடம் தாயார் ஆல்பர்ட்டா உண்மையை மறைக்கவில்லை. அடிமை முறையையும் நிறவொதுக்கலையும் விளக்கினார். அதே வேளையில், அவன் எவருக்கும் தாழ்ந்தவன் அல்லன் என்பதையும் மனத்தில் பதிய வைத்தார்.

தந்தையாரோ செயலால் கற்பித்தார். காலணிக் கடையில் பின்வரிசைக்குச் சென்று அமருமாறு கூறப்பட்டபோது, எதுவும் வாங்காமல் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

பள்ளி

கிங் பயின்ற புக்கர் வாசிங்டன் உயர்நிலைப்பள்ளி 1924இல் திறக்கப்பட்டது. அட்லாண்டாவில் கறுப்பின மாணவர்களுக்கென அமைந்த முதல் அரசு உயர்நிலைப்பள்ளி அதுவே. அதற்காகப் போராடியவர்களுள் கிங்கின் தாய்வழிப் பாட்டனார் வில்லியம்சும் ஒருவர். பாட்டனார் போராடிப் பெற்ற பள்ளியில் பேரன் பயின்றார்.

1944 ஏப்ரலில், 15 அகவை நிரம்பிய கிங், டப்ளின் எனும் ஊரில் நடந்த பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டார். கறுப்பின மக்களும் அமெரிக்க அரசமைப்புச் சட்டமும் என்பதே அவர் பேசிய பொருள். ஆசிரியை சாரா கிரேஸ் பிராட்லி உடன் சென்றிருந்தார். பேருந்தில் திரும்பும்போது, வெள்ளையர்க்கு இருக்கையை விட்டுத் தருமாறு ஓட்டுநர் இருவரையும் ஏசினார். கிங் எழ மறுத்தார். சட்டத்திற்குப் பணிய வேண்டும் என்று ஆசிரியை வற்புறுத்திய பின்னரே எழுந்தார். அட்லாண்டா வரை ஏறக்குறைய 90 மைல் தொலைவு இருவரும் நின்றுகொண்டே பயணம் செய்தனர். தம் வாழ்நாளில் அன்றுபோல் என்றும் சினந்ததில்லை எனப் பின்னாளில் கிங் குறிப்பிட்டார்.

கல்லூரி

அதே ஆண்டில் அவர் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ், 1936ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவுக்குச் சென்று காந்தியடிகளைச் சந்தித்து அறவழிப் போராட்டம் குறித்து உரையாடியவர். அவருடைய உரைகள் கிங்கின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. சினத்தைச் சமுதாயப் பணியாக மாற்றலாம் என்பதை அவரிடம் கண்டார்.

1955 திசம்பரில், மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அதையொட்டி எழுந்த பேருந்துப் புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கியபோது கிங்கின் அகவை 26. 381 நாள்களுக்குப் பின் அப்போராட்டம் வென்றது. 1968இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறுதிச் சடங்கில் இரங்கலுரை ஆற்றியவர் அதே மேஸ்தான்.

நம் சிந்தனைக்கு

மேடையில் சமத்துவம் பேச மாணவனை அழைத்துச் சென்ற ஆசிரியையே, அன்றிரவு அவனை எழுந்து நிற்கச் சொன்னார். அவரைக் குறைகூற இயலுமா? அந்நாளில் மறுத்திருந்தால் மாணவனின் உயிருக்கே தீங்கு நேர்ந்திருக்கக்கூடும். அவரும் அவனோடு நின்றே வந்தார் என்பதை மறத்தலாகாது.

அநீதியைப் பிள்ளைகளிடமிருந்து முற்றாக மறைக்க நம்மால் இயலாது. அதனை உண்மையாக விளக்கவும், அவர்களின் தன்மதிப்பைக் காக்கவும் இயலும். ஆல்பர்ட்டா அம்மையார் அதைத்தான் செய்தார்.

சிந்திப்போம், செயற்படுவோம்.