கூறிட முடியாத வீடு

தந்தை விட்டுச் சென்ற பத்து ஏக்கர் வயலை ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிடலாம்; வரம்பு கட்டினால் முடிந்தது. அவருடைய ஒரே வீட்டை எவ்வாறு பங்கிடுவது? கூரையைப் பிரித்து ஆளுக்கொரு பகுதி கொடுக்க இயலுமா? எளியதாகத் தோன்றும் இக்கேள்விக்குள் கீழைக்கரை மக்களின் நெடிய வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

தம்பிலுவில், திருக்கோவில் ஆகிய தமிழூர்களிலும், வடக்கே கல்முனை, மருதமுனை ஆகிய முஸ்லிம் ஊர்களிலும் குடி என்பது தாய்வழியே வருவது. மணமகன் மணமகளின் வீட்டுக்குச் செல்வான். வீடு அவளுக்குச் சீதனம். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், மற்றப் பிள்ளைகளுடன் வேறொரு வீடு கட்டிக் குடியேறுவர். அடுத்தவளின் மணத்தின்போது அதுவும் கைமாறும். கூறிட முடியாத பொருளை மக்கள் கூறிடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தனர். அதன் சுமை தந்தையின் தோளிலும் அண்ணன்மாரின் உழைப்பிலும் இறங்கியது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

சட்டமோ பின்னங்களின் மொழியில் பேசிற்று. தாய்வழி உரிமையைப் பேணிய முக்குவர் சட்டத்தைப் பிரிட்டோ என்பார் 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு என்ற பொதுவிதியை அதனிடத்தில் நிறுத்தியது. முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1931இல் தனிச்சட்டம் எழுந்தது. மார்க்கம் வகுத்த பங்குகளும் பின்னங்களே. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி இயற்றிய அல்ஜீப்ரா நூலின் பெரும்பகுதி அக்கணக்கே. ஆயினும், உயிரோடிருக்கையிலேயே மகளுக்கு வீட்டைக் கொடுக்கும் வழக்கம் அவ்வூர்களில் மறையவில்லை.

பின்னத்தை ஏட்டில் எழுதலாம். வீட்டின் ஐந்திலொரு பங்கில் யார் அடுப்பு மூட்டுவது? 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, பிரிக்க இயலாத சொத்தை விற்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். ஏலத்தில் வெல்வது உரிமையன்று, பணமே.

இச்சிக்கலைக் கணிதமும் ஆராய்ந்துள்ளது. வெட்டத்தகும் பொருளில், ஒருவர் வெட்ட மற்றவர் தெரிந்தெடுத்தால் இருவருக்கும் மனநிறைவு. வெட்டத்தகாத முப்பது பொருள்களை இருவருக்குப் பிரிக்கும் வழிகளோ நூற்றேழு கோடிக்கும் மேல்! அவற்றுள் இரு பக்கமும் சமமதிப்பாக நிற்கும் வழி உண்டா என்று காண்பது, கணினிக்கும் கடினமென ரிச்சர்டு கார்ப் 1972இல் காட்டிய 21 சிக்கல்களுள் ஒன்று. எல்லா நிலைமைக்கும் பொருந்தும் விரைவான வழியை இதுவரை எவரும் கண்டாரில்லை.

எனின், நீதியே இயலாததா? இல்லை. பிள்ளைகள் முறைவைத்து ஒவ்வொரு பொருளாகத் தெரிந்தெடுப்பார்களாயின், ஒருவர் மற்றவர் பங்கைக் கண்டு பொறாமை கொண்டாலும், அப்பங்கிலிருந்து ஒரேயொரு பொருளை நீக்கியதும் அது அகன்றுவிடும். இத்தகைய பங்கீட்டை எப்போதும் விரைவாகவே காணலாமென லிப்டனும் அவருடைய தோழர்களும் 2004இல் நிறுவினர். முழுச்சமம் அரிது, ஏற்கத்தக்க நீதி எளிது. ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு: தெரிந்தெடுக்கும் உரிமை ஒவ்வொருவர் கையிலும் இருத்தல் வேண்டும்.

அந்நிபந்தனையே 2004 டிசம்பர் 26க்குப் பின் மீறப்பட்டது. ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேதான். அழிந்த வீடுகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஈடாகக் கட்டிய வீடுகளுக்கான படிவங்களோ ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டன; பல இடங்களில் கணவனின் பெயரே உறுதியில் ஏறியது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை, ஒரு படிவத்தின் ஒற்றை வரியில் கைமாறியது.

இங்கே தடையாக நின்றது கணக்கின் கடினமன்று. உரியவளைக் கேளாமையே தடை. நூற்றேழு கோடி வழிகளைச் சோதிக்க வேண்டியதில்லை. படிவத்தில் இன்னுமொரு பெயருக்கு இடம் விட்டிருந்தாலே போதும். பங்கிடுதல் கடினம் என்று சொல்லிக் கைவிரிப்போரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: பங்கிடும் வேளையில் யார் யாரை அழைத்தீர்கள்?